ஆர்எக்ஸ் 100 இன்ஜினில் ஆர்எக்ஸ் 135 பிளாக் உட்காருமா?

அண்ணாச்சிமாரே, ஒரு விவரம் வேண்டும். அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். அப்பா ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100 இப்போது என்னிடம் இருக்கிறது. பிளாக்கில் (சிலிண்டரில்) ஏற்கெனவே ஒரு மில்லிமீட்டர் ஓவர்சைஸ் வரை போர் செய்து, அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கி, ஆகிவிட்டது. இப்போது பிஸ்டன் தட்டுகிறது, இழுவையும் குறைந்துவிட்டது. இனி ரீபோருக்கு இடமில்லை.

பாளையங்கோட்டையில் ஒருவரிடம் ஆர்எக்ஸ் 135-ன் பழைய பிளாக் நல்ல நிலையில் கிடக்கிறது. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ.தான். போர் (துளையின் விட்டம்) மட்டும் இதில் 50, அதில் 58. அதனால் 98 சிசி 132 ஆகிவிடும். அந்த பிளாக்கின் ஸ்லீவ் (பிஸ்டன் ஓடும் உள்குழாய்) அடிப்பாகத்தில் பெரிதாக இருப்பதால், அது உட்காரும் கிரான்க் கேஸின் (இன்ஜினின் அடிக்கூடு) வாயைக் கடைந்து அகலமாக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். எனக்கு அதில்தான் தயக்கம். ஒருமுறை கடைந்துவிட்டால் பழைய பிளாக்கை மறுபடி மாட்ட முடியாதே. சிசி மாறினால் ஆர்சி புத்தகத்தோடும் ஒத்துப்போகாது.

நேரில் மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: பிளாக்கை இறுக்கும் ஸ்டட் போல்ட்டுகளின் துளைகள் அப்படியே பொருந்தினவா? பழைய கனெக்டிங் ராடிலேயே 135 பிஸ்டன் ஏறியதா? கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை எவ்வளவு கூட்டினீர்கள்? பெட்ரோல் போதாமல் பிஸ்டன் சீஸ் ஆகி (சூட்டில் இறுகி) நின்றுவிடக் கூடாது.

என் மனசு என்னவோ பழைய பிளாக்குக்குப் புது ஸ்லீவ் போட்டு 50-க்கே கொண்டுவரத்தான் சொல்கிறது. திருநெல்வேலி, தென்காசி பக்கம் டூ ஸ்ட்ரோக் போர்ட்டுகளை (வாயு போய்வரும் துவாரங்களை) பிசகாமல் வெட்டி ஸ்லீவ் இறக்கும் லேத் பட்டறை தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். மதுரை வரை கொண்டுபோகவும் தயார்.