ஞாயிற்றுக்கிழமை வயலுக்குப் போனது பாவமா?

வயல்காரன், அக்கரைப்பற்று:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன கிழமை எங்கள் வேளாண்மை வெட்டுக்கு மிசின் கிடைத்ததே ஞாயிற்றுக்கிழமைதான். மழை இருட்டிக்கொண்டு நின்றது, ஆராதனையை விட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டேன். ஓய்வுநாளைப் பரிசுத்தமாக ஆசரி என்கிற நாலாம் கட்டளையை மீறிவிட்டேனோ என்று அதிலிருந்து மனம் சரியில்லை. சனிக்கிழமை சபைக்குப் போகிற கூட்டாளி ஒருவரிடம் சொன்னால், வேதத்தின் ஓய்வுநாள் சனிதான், ஞாயிறு ரோம ராஜா கான்ஸ்டன்டைன் கொண்டுவந்தது, நீங்கள் ஒவ்வொரு சனியும்தான் மீறுகிறீர்கள் என்கிறார். உண்மையா?

வாவிக்கரை, மட்டக்களப்பு:
தம்பி, கான்ஸ்டன்டைன் 321இல் ஞாயிறை அரச விடுமுறை ஆக்கினது உண்மைதான், ஆனால் அதே சட்டத்தில் வயல்வேலை செய்கிறவர்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார், விதைப்புக்கு ஏற்ற நாள் தப்பிப்போகக் கூடாதென்று. சபை ஞாயிற்றுக்கிழமை கூடியது அவருக்கு வெகுமுன்பே. அப்போஸ்தலர் 20:7ஐப் பாருங்கள், வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்கக் கூடினார்கள் என்று இருக்கிறது. யுஸ்தீன் என்கிற ஆதிச்சபைப் போதகர் ரோமில் இருந்து சுமார் 155இல் அதை விவரமாக எழுதியிருக்கிறார். அவர்கள் அதை ஓய்வுநாள் என்று சொல்லவில்லை, கர்த்தர் உயிர்த்த நாள் என்று கூடினார்கள், அவ்வளவுதான். மறுகா, அப்போஸ்தலர்கள் எருசலேமில் கூடிப் பேசி யூதரல்லாத புறஜாதியாருக்கு எழுதின கடிதத்தில் (அப்போஸ்தலர் 15) ஓய்வுநாள் பற்றி ஒரு வரியும் இல்லை. ஓய்வுநாளைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தக் கூடாது என்கிற கொலோசெயர் 2:16, நாட்களைப் பற்றி அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும் என்கிற ரோமர் 14:5 இரண்டையும் வாசித்தால் கடமை என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

ஏழாம் நாள், கல்முனை:
அண்ணன், தேவன் ஏழாம் நாளை ஆசீர்வதித்துப் பரிசுத்தமாக்கினார் என்று ஆதியாகமம் 2:3 சொல்வது மோசேக்கு முந்தியது. அப்போது யூதர் என்றே ஒருவர் இல்லை. கர்த்தரை அடக்கம் பண்ணின பிறகும் அவரோடு வந்த பெண்கள் ஓய்வுநாளில் கட்டளையின்படி ஓய்ந்திருந்தார்கள், லூக்கா 23:56. கொலோசெயரில் சொல்வது பண்டிகை ஓய்வுநாட்களை என்றுதான் நாங்கள் விளங்குகிறோம். வெள்ளி பொழுது சாய்ந்ததும் எல்லா வேலையையும் வைத்துவிடுவோம். இதற்காக நான் ஒரு நல்ல வேலையையே விட்டேன், பாரமாகத் தெரியவில்லை.

பழைய ஆசிரியை, கல்லடி:
மகன், 1966இலிருந்து 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு லீவே இல்லை, நிலவைப் பார்த்துக் கணிக்கிற பௌத்தரின் போயா நாட்கள்தான் வார விடுமுறை. நாங்கள் விடியற்காலையில் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே பள்ளிக்கூடம் போவோம். பாவம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் உபாகமம் 5:14ஐ ஒருக்கால் வாசியுங்கள். உன் வேலைக்காரனும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்று இருக்கிறது, மாடு கழுதைக்கும் சேர்த்து. நாள் எது என்று இவ்வளவு பேசுகிறோம், இதை ஒருவரும் எடுக்கவில்லை. இப்போது பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையும் டியூஷன், எந்த நாளிலும் ஓய்வில்லாமல் கண் சிவந்து திரிகிறார்கள். எனக்கு அதுதான் கவலை.

வயல்காரன், அக்கரைப்பற்று:
நன்றி ரீச்சர். மிசின் ஓட்டின தம்பி அதுக்கு முந்தின இரவும் வேறு வயலில் வெட்டிவிட்டு நேரே வந்தவர். எனக்கு ஆராதனை போய்விட்டதே என்றுதான் இருந்தது, அவர் நித்திரை கொண்டாரா என்று நான் கேட்கவே இல்லை. இன்றைக்குப் பின்னேரம் கோல் எடுக்கிறேன்.