கத்திரி வெயிலில் ஒரு பந்தி, ஐப்பசி மழையில் ஒரு பந்தி: வீட்டு விருந்து அனுபவங்கள்

மந்தைவெளியிலிருந்து:

நாலு வருடமாக எங்கள் வீட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை இரவு எட்டுப் பத்துப் பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறோம். அக்கம்பக்கத்தார், அலுவலக நண்பர்கள், பிள்ளைகளோடு படிக்கிறவர்களின் அப்பா அம்மா என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். என்ன சமைக்கலாம் என்று யோசிக்கும் முன்னால் இது என்ன மாதம் என்று யோசிக்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது முதல் விருந்தில்தான். அந்த விருந்து சரியாகவே அமையவில்லை.

அது மே மாதம், அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த சமயம். கோபி மஞ்சூரியன், வெஜிடபிள் பிரியாணி, பனீர் பட்டர் மசாலா, கடைசியில் கேரமல் புட்டிங் என்று ஆசை ஆசையாகத் திட்டம் போட்டிருந்தேன். மதியம் மூன்று மணிக்குப் பற்றவைத்த அடுப்பு ஏழரை வரை அணையவில்லை. கூடத்தில் ஏசி இருந்தும் சமையலறை அனல் வீடு முழுக்க நின்றது. வந்தவர்கள் மரியாதைக்காகக் கொஞ்சம் கொஞ்சம் போட்டுக்கொண்டார்கள். மாமியாரின் சிநேகிதி ஒருவர் வந்திருந்தார், எழுபது வயதுக்கு மேல். அவர் என் கையைப் பிடித்து, "ஏம்மா, ஒரு டம்ளர் மோர் கிடைக்குமா?" என்று கேட்டார். அவ்வளவு செய்திருந்தேன், மோர் இல்லை. ஃபிரிட்ஜில் இருந்த கொஞ்சம் தயிரைக் கடைந்து உப்புப் போட்டுக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு பேர் கேட்டார்கள். மிச்சமிருந்த பிரியாணியை மறுநாள் யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றபோது அழுகையே வந்துவிட்டது.

அடுத்த மே மாதம் வேறு மாதிரி செய்தேன். எந்தத் திட்டமும் இல்லாமல் காலை ஆறரைக்கு மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் போய், அங்கே கண்ணில் படுவதை வைத்து முடிவு செய்துகொள்ளலாம் என்று கிளம்பினேன். கிளிமூக்கு மாங்காய், வெள்ளரிப் பிஞ்சு, முருங்கைக்காய், கோணியில் குவித்த நுங்கு. இவ்வளவுதான் என் மெனு. மாங்காய் சாதம், முருங்கைக்காய் சாம்பார், வெள்ளரிக்காய்ப் பச்சடி, தயிர் சாதம், மோர் மிளகாய், வடாம், மாம்பழம். வறுப்பது பொரிப்பது எல்லாம் காலை பத்தரைக்குள் முடிந்தது. மாலையில் சூடு பண்ணியது சாம்பார் ஒன்றுதான். தயிர் சாதத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். குழைய வடித்த சாதத்தில் ஆறின பாலைத் தாராளமாக விட்டு, தயிர் ஒரே ஒரு கரண்டி சேர்த்து நாலு மணிக்குப் பிசைந்து வையுங்கள். எட்டரைக்கு இலையில் விழும்போது சரியான பதத்தில் இருக்கும். காலையிலேயே தயிரை ஊற்றிவிட்டால் இந்த வெயிலில் ராத்திரிக்குள் புளித்துவிடும்.

இடம் மொட்டை மாடி. மாடித் தரை பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்திருக்கும், அதனால் வெறும் பாயை விரித்தால் உட்கார முடியாது. நாலு மணிக்கு ஒரு தரம், ஆறு மணிக்கு ஒரு தரம் தண்ணீர் தெளித்துவிட்டோம். முதல் தண்ணீர் விழுந்ததும் ஆவி பறந்தது. இரண்டாம் முறை தரை அடங்கிவிட்டது. ஏழு மணிக்குக் கடற்காற்று நன்றாக வீசியது.

அலங்காரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அதில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கோடையில் மல்லிகை மலிவு. மதியம் மொட்டாக வாங்கி, ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்து, ஆறு மணிக்குப் பித்தளை உருளியில் தண்ணீர் விட்டு அதில் பரப்பினேன். ஆட்கள் வரும்போது மொட்டுதான். ஏழரை மணிவாக்கில் ஒவ்வொன்றாக விரிய ஆரம்பித்தது, வாசனை மாடி முழுக்க எழுந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மார்கழியில் இதை நினைத்தும் பார்க்க முடியாது. அப்போது மல்லிகை விலை கேட்டாலே பயமாக இருக்கும், சாமந்திதான் கைகொடுக்கும். விளக்குக்கு அகல் வேண்டாம், காற்றில் நிற்காது. கண்ணாடி போட்ட அரிக்கேன் விளக்கு இரண்டு போதும்.

குடிக்க நன்னாரி சர்பத், எலுமிச்சை பிழிந்து. அப்புறம் பானை நிறைய நீர்மோர். இந்தத் தடவை அதை மறப்பேனா?

நுங்கைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வெட்டிய அன்றே தின்றுவிட வேண்டிய பொருள், மேல்தோலை உரிப்பதும் பொறுமையான வேலை. நேரம் இல்லாததால் உரிக்காமலே தட்டில் வைத்து நடுவில் வைத்துவிட்டேன். ஒருவரையொருவர் தெரியாத மூன்று குடும்பங்கள் அன்று வந்திருந்தன. தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒன்றாக உரிக்கத் தொடங்கினார்கள். கை வேலையாக இருந்ததால் பேச்சு தானாக வந்தது. ஒருவர் விளாத்திகுளம் பக்கத்தில் பனங்காட்டில் வளர்ந்த கதையைச் சொன்னார். நுங்கு எடுத்தபின் மிஞ்சும் வெறும் கூட்டில் வண்டி செய்து ஓட்டியதைக் கேட்டுப் பிள்ளைகள் அவரை விடவே இல்லை. அதற்குப் பிறகு எந்த மாத விருந்தானாலும் வந்தவர்கள் கைக்கு ஒரு சின்ன வேலை வைத்துவிடுகிறேன். ஐப்பசியில் வேர்க்கடலை உரிப்பது, தையில் பச்சை மொச்சை உரிப்பது, கரும்பு கடிப்பது.

உங்கள் வீட்டில் எப்படி? எழுதுங்கள்.

ராயபுரத்திலிருந்து:

அக்கா, நீங்கள் சைவம். எங்கள் வீட்டில் மீன் இல்லாமல் விருந்து இல்லை. அங்கேயும் மாதம் பார்க்கத்தான் வேண்டும்.

கல்யாணமாகி வந்த வருடம், மே மாதத்தில் கணவரின் நண்பர்கள் ஆறு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். வஞ்சிரம் வறுவல் போடுவதாகச் சொல்லிவிட்டார். காசிமேட்டில் போய் நின்றால் விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரை முழுக்க மீன்பிடித் தடைக்காலம், மீன் இனம் பெருகுவதற்காக. நான் கடல் இல்லாத ஊரில் வளர்ந்தவள், எனக்கு அது தெரியாது. மேற்குக் கடற்கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து ஐஸில் வந்த வஞ்சிரம் இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பப் பார்த்தேன். மீன் விற்ற அம்மாதான் கூப்பிட்டு, "எதுக்கும்மா அது? இந்த நெத்திலிய எடுத்துட்டுப் போ, ஃபைபர் போட்ல காலையில வந்தது. மாங்கா போட்டுக் கொழம்பு வையி" என்றார். நாட்டுப் படகும் ஃபைபர் படகும் தடைக்காலத்திலும் கரையோரமாகப் போய் வரும். அவை கொண்டுவருவது கொஞ்சம்தான், ஆனால் அன்று பிடித்தது.

நெத்திலியில் பாதியை மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் பிரட்டி மொறுமொறுவென்று வறுத்தேன். மீதியில் புளியைக் குறைத்து, கிளிமூக்கு மாங்காயைத் துண்டு போட்டுக் குழம்பு. கூடவே கத்திரிக்காய் போட்ட கருவாட்டுத் தொக்கு. வஞ்சிரம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஆறு பேரும் குழம்புச் சட்டியைச் சுரண்டிவிட்டுப் போனார்கள்.

இப்போதெல்லாம் தடைக்காலத்தில் விருந்து என்றால் மாங்காய் நெத்திலிதான். வஞ்சிரம் வேண்டுகிறவர்களை ஆடிக்கு மேல் வரச் சொல்லிவிடுகிறேன். படகுகள் திரும்பக் கடலுக்குப் போய் வரத்து கூடியிருக்கும், நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

பெரம்பூரிலிருந்து:

2019 ஜூனில் ஏரிகள் வறண்டு கிடந்தபோது எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்கு இரவு பதினொரு மணிவரை குடத்தோடு நிற்போம். அந்த மாதத்தில்தான் அப்பாவின் எண்பதாவது பிறந்தநாள். தள்ளிப்போட மனம் வரவில்லை. பன்னிரண்டு பேருக்கு இலைச் சாப்பாடு, தொன்னையில் பாயசம். தட்டு கழுவும் தண்ணீர் மிச்சம். வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு கேன் தண்ணீர் எடுத்து வந்தார்கள். நாங்கள் கேட்கவே இல்லை. அப்பா அதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வேளச்சேரியிலிருந்து:

மழைக்கால விருந்து ஒன்றைச் சொல்கிறேன். 2021 தீபாவளி நவம்பர் 4, வியாழக்கிழமை. சனிக்கிழமை இரவு நான்கு நண்பர்களைக் குடும்பத்தோடு அழைத்திருந்தேன். மழை வரும் போலிருந்ததால் மாடி வேண்டாம், கூடத்திலேயே பாய் விரித்துக்கொள்ளலாம் என்று முடிவு. வாசலில் மாக்கோலம் போட்டால் நிற்காது, அதனால் உள்ளே நிலைப்படிக்குப் பக்கத்தில் செம்மண் இழுத்துச் சின்னதாகப் போட்டேன். தீபாவளி அகல்கள் கைவசம் இருந்தன, ஜன்னல் ஓரம் வரிசையாக ஏற்றிவைத்தோம்.

சமையல் எல்லாம் சுடச்சுட. அடை, அவியல், மிளகு ரசம். அடை வார்த்து வார்த்துப் போடுவதால் நான் உட்காரவே முடியாதோ என்று முதலில் யோசித்தேன். ஆனால் தோசைக்கல்லை ஆளுக்குக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள். மழைக்காலத்தில் அடுப்படியில் நிற்பது சுகம்தானே, எல்லோரும் சமையலறைக்கே வந்துவிட்டார்கள். முருங்கைக்கீரை சேர்த்த அடைக்குத்தான் போட்டி.

சாப்பிட்டு முடித்து ஒன்பதரை இருக்கும், மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. அந்த ஒரே இரவில் நுங்கம்பாக்கத்தில் 20 செ.மீ.க்கு மேல் பதிவானதை மறுநாள் செய்தியில்தான் பார்த்தோம். பன்னிரண்டு மணிக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர். யாரும் கிளம்ப வழியில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தை இந்த வீட்டிலேயே பார்த்தவள் நான். அந்தத் தண்ணீரின் சத்தம் கேட்டால் இப்போதும் எனக்குக் கை நடுங்கும். நண்பர்களில் ஒருவர் அதைக் கவனித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் கணவரோடு சேர்ந்து இன்வெர்ட்டரைத் தூக்கி மேசை மேல் வைத்தார். பிறகு எல்லோருமாகப் பாய், போர்வை, புடவை என்று கிடைத்ததை விரித்துப் படுத்தோம். பதினான்கு பேர்.

காலையில் பால் வரவில்லை. அரிசி நொய்யும் பாசிப்பருப்பும் போட்டுக் கஞ்சி, பருப்புத் துவையல், தீபாவளி முறுக்கு. முந்தின நாள் விருந்தில் கனமாகச் சாப்பிட்டவர்களுக்குத் தீபாவளி லேகியத்தை உருட்டிக் கொடுத்தேன். மதியம் தண்ணீர் வடிந்த பிறகுதான் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். என் மகளைக் கேட்டால் நம் வீட்டில் நடந்ததிலேயே அதுதான் நல்ல விருந்து என்பாள்.

அதிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் ஆள் கூப்பிட்டால் இரண்டு வேளைக்கான அரிசி பருப்பும், குடிதண்ணீரும், மெழுகுவத்தியும் எடுத்து வைத்துவிட்டுத்தான் கூப்பிடுகிறேன்.

தி. நகரிலிருந்து:

எங்களுக்கு விருந்துக் காலம் மார்கழி. வெளிநாட்டில் இருக்கும் தம்பி குடும்பம் டிசம்பரில்தான் வரும், கூடவே கச்சேரி கேட்க வரும் உறவினர்கள். மாலைக் கச்சேரி முடிந்து எட்டரை மணிக்குப் பசியோடு வருவார்கள். சபா கேன்டீனில் பஜ்ஜி, அல்வா என்று ஏற்கனவே ஒரு சுற்று முடித்திருப்பார்கள். அதனால் வீட்டில் எளிமையாகவே வைப்பேன். திருவாதிரையை ஒட்டிய வாரத்தில் என்றால் ஏழுகறிக் குழம்பு. பூசணி, பறங்கி, அவரை, கொத்தவரை, மொச்சை, சேனை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கேரட்டும் பீன்ஸும் அதில் சேர்க்க மாட்டேன். நாட்டுக் காய்களின் மணத்தை அவை மாற்றிவிடுகின்றன. குழம்போடு வெந்தயக் களியும் வைத்துப் பார்த்தேன், பெரியவர்கள் தவிர யாரும் தொடவில்லை. வெண்பொங்கலே போதும். மாங்காய் இஞ்சியும் பச்சை மிளகும் அந்த மாதத்தில் வரத் தொடங்கியிருக்கும், இரண்டையும் எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டு ஊறவைத்துத் தொட்டுக்கொள்ள வைப்பேன். தம்பி மனைவி தமிழ்ப் பெண் இல்லை. அவள் போன வருடம் ஊருக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனது அந்தப் பச்சை மிளகு ஜாடியைத்தான்.

மந்தைவெளி அக்காவுக்கு ஒரு கேள்வி. பானையில் நீர்மோர் வைத்ததாகச் சொன்னீர்களே, எங்கள் வீட்டுப் பானையில் தண்ணீர் குளிரவே மாட்டேன் என்கிறது. பானை சரியில்லையா?

மந்தைவெளியிலிருந்து:

பானையில் குறை இருக்காது, ஊர்க் காற்று அப்படி. பானைக்கு மேலே கசிகிற ஈரம் உலர்ந்தால்தான் உள்ளே குளிரும். நம் கடற்காற்றில் ஏற்கனவே ஈரம் அதிகம், அதனால் சீக்கிரம் உலராது. மதுரையில் ஆகிற அளவுக்கு இங்கே ஆகாது. சமையலறை மூலையில் வைக்காமல் காற்று ஓடும் இடத்தில், ஈர மணல் மேல் வையுங்கள். பானை பழையது என்றால் வெளிப்பக்கத்தைத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், அடைபட்ட துளைகள் திறக்கும். சோப்பு மட்டும் போடாதீர்கள், மண் அதைக் குடித்துவிடும். நான் பாதிக்குப் பானை நீரும் பாதிக்கு ஃபிரிட்ஜில் வைத்த மோரும் கலந்துதான் ஊற்றுகிறேன். வெட்டிவேர் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் வாசனை போதும்.

வேளச்சேரித் தங்கை எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டிலும் மெழுகுவத்தி இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். இல்லை. நாளைக்கு வாங்க வேண்டும்.

இந்த மாதப் பந்தி வரும் சனிக்கிழமை. பங்கனப்பள்ளி காயாகவே இரண்டு டஜன் வாங்கி, செய்தித்தாளில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டேன். கார்பைடு கல்லில் பழுக்கவைத்தது மேலே மஞ்சளாகவும் உள்ளே புளிப்பாகவும் இருக்கும், அதனால் காய் வாங்கி வீட்டில் பழுக்கவைப்பதையே நம்புகிறேன். ஐந்தாறு நாளில் பழுக்கும். இன்று மூன்றாவது நாள். டிரம்மைத் திறந்தால் லேசாக வாசனை வர ஆரம்பித்திருக்கிறது. பிள்ளைகள் ஏற்கனவே இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டார்கள்.