இந்தியப் பெருங்கடல் தீவு நாடான செஷல்ஸில் ஜனநாயகம் வந்தது 1993லா, 2020லா?

கடலோடி:
1977 ஜூன் 5. ஜனாதிபதி ஜேம்ஸ் மன்சாம் காமன்வெல்த் மாநாட்டுக்காக லண்டன் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ஆட்சியைக் கவிழ்த்துப் பிரதமர் ரெனேவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 1979 முதல் ஒரே கட்சிதான். 1993 ஜூலையில் பல கட்சித் தேர்தல் நடந்தது, ஜெயித்ததும் ரெனேதான், ஏறக்குறைய 60%. அதே கட்சி பெயரை மாற்றி மாற்றி 2020 வரை ஆண்டது. ஆள்கிறவர் தோற்று வெளியேறாத வரை அதை மாற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேம்பு:
1992 நவம்பரை விட்டுவிட்டீர்கள் நண்பரே. புதிய அரசியலமைப்பு வரைவுக்கு அன்று 60% ஆதரவு தேவை. கிடைத்தது 54%கூட இல்லை. வரைவு விழுந்தது, ரெனே அதை ஏற்றுக்கொண்டார். எதிர்க்கட்சிகளும் உட்கார்ந்து பேசி எழுதிய அடுத்த வரைவு 1993 ஜூனில் 74% ஆதரவோடு தேறியது. பதினைந்து வருடம் ஒரே கட்சியின் ஆட்சியைப் பார்த்த மக்கள் ஆள்பவரின் வரைவைத் திருப்பி அனுப்பினார்களே, அது மாற்றம் இல்லையா?

கடலோடி:
அந்த வாக்கெடுப்பு பெரிய விஷயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு லட்சம் பேர் ஊரில் யார் எந்தக் கட்சி என்று தெருவுக்கே தெரியும். அரசு வேலையை நம்பியிருப்பவர் எப்படிப் பயமில்லாமல் எதிர்த்துப் போடுவார்?

தாழை:
போட்டார்களே! 2015 டிசம்பரில் ரெனே கட்சியின் ஜனாதிபதி ஜேம்ஸ் மிஷெல் எதிர்க்கட்சி வேட்பாளர் வேவல் ராம்கலவானை வென்றது வெறும் 193 வாக்குகளில். ராம்கலவான் நீதிமன்றம் போனார், அங்கும் தோற்றார். தெருவில் கலவரம் மூட்டாமல் அடுத்த தேர்தலுக்குத் தயாரானார். 2016 செப்டம்பரில் சட்டமன்றம் எதிர்க்கட்சிகள் கைக்கு வந்தது, மிஷெல் பதவி விலகினார். 2020இல், தன் ஆறாவது முயற்சியில், அந்த ஆங்கிலிக்கன் பாதிரியார் கிட்டத்தட்ட 55% வாங்கி ஜனாதிபதி ஆனார். என்னைக் கேட்டால், அந்த 193 வாக்குத் தோல்வியை அவர் தாங்கிக்கொண்ட விதம்தான் இதில் முக்கியம்.

வேம்பு:
அவரும் 2025 அக்டோபரில் பாட்ரிக் ஹெர்மினியிடம் தோற்றார். பழைய கட்சி திரும்பிவிட்டது. கடலோடி, உங்கள் கணக்கில் இது பின்னடைவா?

கடலோடி:
இல்லை. இந்தமுறை அவர்கள் ஓட்டுக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். ஆனால் 1977 கவிழ்ப்பையும் அதன்பின் நடந்த கொடுமைகளையும் விசாரித்த உண்மை ஆணையத்தின் அறிக்கை இப்போது அவர்கள் மேசையில்தான் இருக்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.