எங்கட பில்டிங் தமிழ் ஆக்கள் (குழு) – ஸ்காபரோ, செவ்வாய், மார்ச் 24, 2026

பேபி அன்ரி 904 (மாலை 6:12): ஆரும் லோண்ட்ரி ரூம் பக்கம் போனியளோ? சனிக்கிழமை குடியிருப்பாளர் சங்க மீற்றிங் நோட்டீசைக் கிழிச்சுப்போட்டாங்கள். நாலு மூலையிலும் ரேப் துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு நிக்குது.

குட்டி 611: லொபியிலயும் இல்லை

பேபி அன்ரி 904: சுப்பரை (பில்டிங் பார்க்கிற ஆள்) கேட்டன். ஒஃபிஸ்தான் கிழிக்கச் சொன்னதாம். சங்கம் வைக்கிற ஆக்களின்ர லீசைக் கான்சல் பண்ணுவினமாம்.

செல்வி 1510: ஐயோ. எங்கட லீஸ் எப்பவோ முடிஞ்சுது, மாசா மாசம்தான் இருக்கிறம். எழுப்பிப்போடுவாங்களோ

பெரியண்ணை 302: இதுக்குத்தான் பேசாமல் இருங்கோ எண்டு முதலே சொன்னனான்.

மாஸ்ரர் 1207 (6:31): செல்வி, பயப்பிடாதேங்கோ. லீஸ் முடிஞ்சால் அது தானாவே மாசா மாசமா மாறும், உரிமை ஒண்டும் குறையாது. இனிச் சங்கத்துக்கு வாறன். ஒன்ராறியோ குடியிருப்பு வாடகைச் சட்டம், 2006. அதில ரெண்டு பிரிவை எல்லாரும் எழுதி வையுங்கோ. பிரிவு 233: குடியிருப்பாளர் சங்கத்தில பங்கெடுக்கிற ஆளுக்கோ, சங்கம் அமைக்கப் பார்க்கிற ஆளுக்கோ தெரிஞ்சுகொண்டு கரைச்சல் குடுத்தால், மறிச்சால், தலையிட்டால் அது குற்றம். பிரிவு 83(3): எழுப்பச் சொல்லி வழக்குப் போட்டதுக்குக் காரணம் நீங்கள் சங்கத்தில இருக்கிறதுதான் எண்டு போர்ட் (வாடகை வழக்குப் பார்க்கிற மாகாண வாரியம்) கண்டால், அந்த வழக்கைத் தள்ளியே ஆகோணும். "தள்ளலாம்" எண்டு இல்லை, "தள்ள வேணும்" எண்டு கிடக்கு. அந்த ஒரு சொல்லில எவ்வளவோ இருக்கு.

குட்டி 611: 👏

செல்வி 1510: சங்கத்தை எங்கயாவது பதியோணுமோ மாஸ்ரர்

மாஸ்ரர் 1207: தேவையில்லை. இத்தனை பேர் வேணும் எண்டும் சட்டத்தில இல்லை. அஞ்சு வீடு கூடிக் கதைச்சாலும் பாதுகாப்பு அதேதான். சங்கம் இன்னும் தொடங்கேல்லை, தொடங்கத்தான் பார்க்கிறம் எண்டாலும் 233 பொருந்தும். கிழிஞ்ச நோட்டீசும் அதுக்குள்ள வரலாம். பேபி, அந்த ரேப் துண்டைப் படம் எடுத்தனீங்களோ?

பேபி அன்ரி 904: இல்லை

மாஸ்ரர் 1207: இப்ப போய் எடுங்கோ. சுப்பர் சொன்னதைச் சொன்னபடியே, எத்தினை மணிக்கு, பக்கத்தில ஆர் நிண்டவை எண்டு எழுதி உங்களுக்கே ஒரு ஈமெயில் போடுங்கோ. திகதி அதில தானாவே விழும்.

வசந்தி 808: சனிக்கிழமை சின்னமாமி மோசம்போய் 31ஆம் நாள். எல்லாரும் மறந்துபோனியளோ?

பேபி அன்ரி 904: ஐயோ ஓம்

வசந்தி 808: பகல் 12க்குச் சாப்பாடு. ஒருத்தரும் வராமல் விடாதேங்கோ. அம்மா ஏற்கனவே மனவருத்தத்தில இருக்கிறா.

குட்டி 611: பார்ட்டி ரூம்தானே? விசிற்றர் பார்க்கிங் எத்தினை கார்

வசந்தி 808: ஆறு. வேனில வாறவை பிளாசாவில விடுங்கோ

மாஸ்ரர் 1207: 31க்கு எல்லாரும் வருவம் வசந்தி. மீற்றிங்கைப் பின்னேரத்துக்கு மாத்துவம்.

பெரியண்ணை 302 (6:58): சட்டம் எல்லாம் கடுதாசியில வடிவாத்தான் கிடக்கும். ரெண்டு மாசமா ஒரு எலிவேற்றர்தான் ஓடுது. சட்டம் வந்து திருத்தினதோ?

மாஸ்ரர் 1207: அண்ணை கேக்கிறது சரியான கேள்வி. சங்கத்தோட இருந்து பேசித்தான் ஆகோணும் எண்டு இஞ்சத்தைய சட்டம் கொம்பனியைக் கட்டாயப்படுத்தாது. கூடுறதுக்குப் பாதுகாப்பு மட்டும்தான் தருது. பேச வைக்கிறது எங்கட எண்ணிக்கை. அதாலதான் எல்லா மாடியும் வேணும் எண்டு நிக்கிறன்.

செல்வி 1510: வாடகை கூட்டுற கடுதாசி எல்லாருக்கும் வந்ததோ? எங்களுக்கு 5.1%

குட்டி 611: 5.1

பேபி அன்ரி 904: அதே

மாஸ்ரர் 1207: அது என்1 படிவம், ஜூலை 1இல இருந்து. 2026க்கு மாகாணம் வைச்ச அளவு 2.1%. பெரிய திருத்த வேலைச் செலவு எண்டு அதுக்கு மேல ஒரு வருசத்தில கூடினது 3% கேக்கலாம், மூண்டு வருசத்துக்கு மொத்தம் 9%. எங்களிட்ட முழு 3%உம் கேட்டிருக்கினம். 1,900 டொலர் வாடகைக்கு 2.1% எண்டால் 39.90. 5.1% எண்டால் 96.90. மாசம் 57 டொலர் வித்தியாசம், வருசத்துக்கு 684. கேட்டால் மட்டும் காணாது, எல்5 விண்ணப்பம் போட்டுப் போர்டிட்ட உத்தரவும் எடுக்கோணும். அது வருமட்டும் 2.1% மட்டும் கட்டலாம், ஒருத்தரும் மேல கட்டச் சொல்ல ஏலாது. ஆனால் பிறகு உத்தரவு அவை பக்கம் வந்தால் விட்ட காசைச் சேர்த்துக் கட்டோணும். அதால 57ஐச் செலவழியாதேங்கோ, புறம்பா வையுங்கோ. இதை விளங்காமல் ஒரேயடியாப் பாக்கி விழுந்து திண்டாடுற சனம்தான் கன பேர்.

குட்டி 611: மாஸ்ரர் வகுப்புத் தொடங்கிட்டார் 😊 அம்மா சத்தமா வாசிக்கச் சொல்லுறா

மாஸ்ரர் 1207: அம்மாவுக்கு இதையும் வாசி. கேட்ட செலவு எல்லாம் செல்லாது. பல்கனிக் கொங்கிறீற் திருத்தினது செல்லும், அது பாதுகாப்புச் செலவு. லொபிக்குப் போட்ட புது மாபிளும் சுவர் லைற்றும் அழகுக்குப் போட்டவை, அதை எதிர்க்கலாம். பழைய மாபிள் ஒரு இடமும் வெடிச்சிருக்கேல்லை. நல்லா இருந்ததைக் கழட்டிப் புதுசு போட்டதுக்கு எங்களிட்டக் காசு கேக்க ஏலாது. பழைய லொபிப் படம் ஆரிட்டயும் கிடக்கோ? பிறந்தநாள், சாமத்தியவீடு எண்டு அங்க நிண்டு எடுத்த படம் எண்டாலும் காணும், கீழ நிலம் தெரியோணும்.

வசந்தி 808: தங்கச்சியின்ர சாமத்தியவீட்டு அல்பத்தில இருக்கு. கார் வரப் பிந்தி எல்லாரும் லொபியில நிண்டது

பேபி அன்ரி 904: அண்டைக்கு மச்சாள் கோவிச்சுக்கொண்டு போனவ எல்லோ

வசந்தி 808: அதை விடுங்கோ அன்ரி. படத்தைத் தேடுறன்

மாஸ்ரர் 1207: செலவுக் கணக்குக்கான பில்லுகளைப் பார்க்க எங்களுக்கு உரிமை இருக்கு. சீடியில கேட்டால் 5 டொலருக்கு மேல எடுக்க ஏலாது, ரெண்டு பக்கமும் சம்மதிச்சால் ஈமெயிலில சும்மா அனுப்பலாம். ஒரு வீடு கேட்டால் காணும், பகிரலாம்.

சுதன் 1103 (7:20): எல்லாரும் சேர்ந்து வாடகையை நிப்பாட்டினால் அலுவல் முடிஞ்சுது. ரொறன்ரோ பார்க்டேலில 2017இல செய்து வெண்டவை.

மாஸ்ரர் 1207: சுதன், அவசரப்படாதேங்கோ. பார்க்டேலில முந்நூறுக்கு மேல ஆக்கள் நிண்டவை, பின்னால மாசக்கணக்கா வேலை நடந்திருக்கு. சங்கத்தில இருக்கிறது பாதுகாப்பு, வாடகை கட்டாமல் விடுறது பாதுகாப்பில்லை. ஒரு நாள் பிந்தினாலும் என்4 (வாடகைப் பாக்கி நோட்டீஸ்) தரலாம், அதில குறிச்ச அவகாசம் முடிஞ்சாப் பிறகு வழக்கு. அந்த வழக்கில காரணம் வாடகைப் பாக்கி எண்டு எழுதியிருக்கும், சங்கம் எண்டு இருக்காது. 83(3) அந்த இடத்தில எங்களைக் காப்பாத்தும் எண்டு நம்பேலாது. பிள்ளைகுட்டி இருக்கிற வீடுகளைத் தள்ளிவிடாதேங்கோ.

சுதன் 1103: அப்ப என்னதான் செய்யிறது

மாஸ்ரர் 1207: திருத்த வேலை. எங்கட பலம் அதிலதான். கடும் பராமரிப்புக் குறை இருக்கிறதெண்டு போர்ட் கண்டால், 126ஆம் பிரிவின்படி மேலதிக வாடகையைத் தள்ளலாம், இல்லாட்டில் திருத்துமட்டும் நிறுத்தி வைக்கலாம். வாயால சுப்பருக்குச் சொன்னதை நிரூபிக்கிறது கஷ்டம். எழுத்தில குடுங்கோ, கொப்பி வையுங்கோ. தண்ணி, ஹீற், கரண்ட் மாதிரி அவசரம் எண்டால் 24 மணித்தியாலத்துக்குள்ள, மற்றதுக்கு 7 நாளுக்குள்ள கவனிக்கோணும், அது ரொறன்ரோ நகரசபையின்ர விதி. கவனிக்காட்டில் நகரசபையின்ர 311க்கு அடிச்சு முறைப்பாட்டு நம்பர் எடுங்கோ. ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர். நாற்பது பேருக்கு ஒருத்தர் அடிச்சால் அது ஒரு முறைப்பாடுதான். போன முறை இதிலதான் பிழை விட்டனாங்கள்.

பேபி அன்ரி 904: எங்கட பாத்ரூம் சீலிங்கில மண்ணிறத்தில ஒரு வட்டம். முதல் தேசிக்காயளவு. இப்ப சோத்துக்கோப்பையளவு. தொட்டால் மெத்தெண்டு இருக்கு

மாஸ்ரர் 1207: பக்கத்தில அடிமட்டம் வைச்சுப் படம் எடுங்கோ. கிழமைக்கு ஒருக்கா, அதே இடத்தில நிண்டு. 1004இலயும் கேளுங்கோ, அவையின்ர குழாயாத்தான் இருக்கும்.

குட்டி 611: பேஸ்மென்ற்றில இருக்கிற ஆக்களுக்கும் இந்தச் சட்டம் உண்டோ? ஃப்ரெண்ட் ஒருத்தன் கேக்கிறான்

மாஸ்ரர் 1207: உண்டு. ஆனால் வீட்டுச் சொந்தக்காரரோடயோ அவரின்ர பெற்றார், பிள்ளையளோடயோ குசினியையோ பாத்ரூமையோ பகிர்ந்து இருந்தால் இல்லை.

குட்டி 611: குசினி ஒண்டுதான்

மாஸ்ரர் 1207: அப்ப கஷ்டம். அவனைத் தனிய எனக்குப் போன் பண்ணச் சொல்லு.

செல்வி 1510 (7:44): எங்கட அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. சங்கத்துக்குக் கையெழுத்து வைச்சால் அதுக்கு ஏதும் வருமோ

மாஸ்ரர் 1207: வராது. வாடகைச் சட்டம் ஆரின்ர விசாவையும் கேக்காது. போர்டும் குடிவரவும் வேற வேற. நீங்கள் வைக்கக்கூடாத கையெழுத்து ஒண்டுதான், என்11. "நான் விரும்பி வெளிக்கிடுறன்" எண்ட படிவம் அது. சுப்பர் கதவடியில நிண்டு தந்தால் வாங்கி வையுங்கோ, "வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்" எண்டு கதவைச் சாத்துங்கோ. "என்" (N) எண்ட எழுத்தில தொடங்குற ஒரு கடுதாசியும் உங்களை எழுப்பாது. போர்ட் உத்தரவு போட்டு, ஷெரிஃப் (கோர்ட் அதிகாரி) வந்தால்தான் எழுப்பலாம்.

செல்வி 1510: 🙏

சுதன் 1103: பெயர்ப் பட்டியலை இதிலயே போடுவமோ? ஆர் ஆர் வாறியள்? 1. சுதன் 1103

மாஸ்ரர் 1207: வேண்டாம் சுதன், உடன அழியுங்கோ. இந்தக் குழுவில 86 பேர். சுப்பரின்ர மச்சானும் இருக்கிறார்.

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

மாஸ்ரர் 1207: பேப்பரில எடுப்பம். மாடிக்கு ஒருத்தர், அந்த ஆளிட்ட மட்டும் அந்த மாடிப் பட்டியல். நோட்டீசிலயும் ஒராளின்ர பெயரைப் போடாதேங்கோ. சுவரில ஒட்டினால் கிழிப்பாங்கள், கதவுக்குக் கீழால தள்ளுங்கோ. தமிழ், இங்கிலிஷ் ரெண்டும் வேணும். ஏழாம் மாடியில ஃபிலிப்பினோ ஆக்கள், அஞ்சில ஆப்கான் குடும்பங்கள். நாங்கள் மட்டும் கூடினால் தமிழ்ச் சங்கமாப் போயிடும்.

பேபி அன்ரி 904: அஞ்சாம் மாடியை நான் பார்க்கிறன். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை

குட்டி 611: 6உம் 7உம் நான்

வசந்தி 808: செலவுக்குக் காசு சேர்ப்பமோ? ஆர் வைச்சிருக்கிறது

மாஸ்ரர் 1207: இப்பத்தைக்கு ஃபோட்டோகொப்பிக் காசு மட்டும் காணும். பெரிய காசு எண்டால் ரெண்டு பேரின்ர கையெழுத்து, மாசம் ஒருக்காக் கணக்கு. அது எந்தச் சங்கத்துக்கும் வேணும்.

பெரியண்ணை 302: ஆரைக் குத்திக் கதைக்கிறாய் எண்டு எனக்கு விளங்குது. அந்தச் சீட்டுக்காசு எல்லாருக்கும் குடுத்து முடிச்சாச்சு.

மாஸ்ரர் 1207: அண்ணை, உங்களைச் சொல்லேல்லை. சத்தியமா.

வசந்தி 808: 31 முடியுமட்டும் உந்தக் கதை வேண்டாம். ரெண்டு பேரும்.

பேபி அன்ரி 904 (8:15): மீற்றிங் எத்தினை மணிக்கு, எங்க?

மாஸ்ரர் 1207: 5 மணி. பார்ட்டி ரூமை எங்களுக்குத் தரமாட்டினம். லைப்ரரி ரூம் இருக்கோ எண்டு நாளைக்குக் கேக்கிறன். லீகல் கிளினிக்கில (இலவச சட்ட உதவி) இருந்து ஒராளையும் கேட்டிருக்கு, இன்னும் பதில் வரேல்லை. சுப்பர் வெருட்டினதுக்கு போர்டிட்ட ரி2 (குடியிருப்பாளர் உரிமை விண்ணப்பம்) போடுறதோ, மாகாணத்தின்ர வாடகை வீட்டு அமுலாக்கப் பிரிவுக்குச் சொல்லுறதோ எண்டு அவையோட கதைச்சு முடிவெடுப்பம். ரி2க்கு ஒரு வருசம் மட்டும் நேரம் இருக்கு.

சுதன் 1103: 31க்கு ரூம் எங்கட பெயரிலதானே. சாப்பாடு முடிய அங்கயே இருந்து கதைச்சால் என்ன

வசந்தி 808: அம்மாவைக் கேட்டுத்தான் சொல்லுவன்

பேபி அன்ரி 904: சின்னமாமி இருந்திருந்தால் முதல் ஆளா வந்து இருந்திருப்பா. எலிவேற்றர் நிண்ட நாளில 9 மாடியும் ஏறினவ

பெரியண்ணை 302: மூண்டாம் மாடிப் பட்டியல் ஆரிட்ட?

மாஸ்ரர் 1207: இன்னும் ஒருத்தரும் எடுக்கேல்லை அண்ணை.

பெரியண்ணை 302: பேப்பரைக் கதவுக்குக் கீழால தள்ளிவிடு. பார்ப்பம்.

குட்டி 611: வசந்தியக்கா, வடைக்கு உழுந்து எத்தினை இறாத்தல் ஊறப்போட எண்டு அம்மா கேக்கிறா