ஊர்ப் பிள்ளைகள் ஹாக்கிக்கு வருடம் ஒரு லட்சம்: எதில் போடலாம்?

ஹார்டுவேர்_கடை:
எட்டயபுரம் பக்கம் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் எல்லாம் முடிந்தது. இனி வருடம் ஒரு லட்சம் வரை ஊர்ப் பையன்கள், பெண்பிள்ளைகள் ஹாக்கிக்குச் செலவு செய்ய ஆசை. அப்பா பெயரில் கோப்பை வைத்து டோர்னமெண்ட் நடத்தச் சொல்கிறார்கள் நண்பர்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லெஃப்ட்_அவுட்:
அண்ணாச்சி, கோப்பையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நான் கோவில்பட்டிக்காரன். சின்ன வயதில் விளையாடியது முழுக்க ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி தயவில்தான். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன். காலை பிராக்டிஸ் முடிந்ததும் டீக்கடையில் எங்கள் எல்லோருக்கும் பாலும் அவித்த முட்டையும் அவர் கணக்கில். வெளியூர் மேட்ச் என்றால் பஸ் காசு முதல் நாளே கோச் கைக்கு வந்துவிடும். பாதிப் பேரின் அம்மாக்கள் அவர் ஆபீஸிலேயே குச்சி அடுக்கியவர்கள். அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

யாரும் வாங்கித் தராத சாமான் கோல்கீப்பர் செட். ஸ்டிக்கை எப்படியாவது தேற்றிவிடலாம். கீப்பருக்குக் கால் பேட், கிக்கர் (ஷூ மேல் மாட்டும் காப்பு), கையுறை, நெஞ்சுக் கவசம், ஹெல்மெட் எல்லாம் வேண்டும். விலை கேட்டால் தலை சுற்றும். எங்கள் கீப்பர் பழைய கிரிக்கெட் பேடைக் கட்டிக்கொண்டு நின்று கணுக்காலில் அடி வாங்கினான். முதலாளி காதுக்கு எப்படிப் போனதோ, விளையாட்டுச் சாமான் செய்யும் ஜலந்தரில் இருந்து பெட்டி வந்து இறங்கியது.

அடுத்தது தரை. கட்டாந்தரையில் பந்து எம்பும், டர்ஃபில் (செயற்கைப் புல் தரை) வழுக்கிக்கொண்டு போகும். மண்ணில் மட்டும் பழகிய பையன் டர்ஃப் மேட்சில் பந்தை நிறுத்தவே திணறுவான். வாரம் ஒரு நாளாவது கோவில்பட்டி கிருஷ்ணா நகர் டர்ஃபுக்குக் கூட்டிப்போக வேன் வாடகை கொடுங்கள். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்ட கார்த்தி அரியலூர்ப் பையன். அவ்வளவு தூரத்தில் இருந்து இங்கே வந்து தங்கிப் பழகினான் என்றால் விடுதி, சாப்பாடு, டர்ஃப் மூன்றும் இருந்ததால்தான். அதே அணியில் ஆடிய மாரீஸ்வரன் எங்கள் ஊர்.

அப்புறம், யாரை டீமில் போடுவது என்பதில் வாயே திறக்காதீர்கள். முதலாளி மகனும் எங்களோடு விளையாடினான், பாதி நாள் பெஞ்சில்தான். அவர் வந்து மேட்ச் பார்ப்பார், எழுந்து போய்விடுவார். காசு கொடுத்தவர் கோச்சை ஆட்டிவைத்துக் கலைந்த கிளப்புகளையும் பார்த்திருக்கிறேன்.

பி_இ_டி_டீச்சர்:
கோப்பையை அப்படித் தள்ள வேண்டாம் தம்பி. கோவில்பட்டியில் மே மாதம் கே.ஆர். அறக்கட்டளை நடத்தும் லட்சுமி அம்மாள் நினைவு ஹாக்கிக்கு நாடு முழுக்க இருந்து டீம் வருகிறது. என் பிள்ளைகள் பெனால்டி கார்னரைக் கற்றுக்கொண்டதே அதை உட்கார்ந்து பார்த்துத்தான். ஆனால் அதெல்லாம் பெரிய கை. ஒரு லட்சத்தில் சின்ன டோர்னமெண்ட் வைத்தால் பந்தலுக்கும் மைக்செட்டுக்குமே போய்விடும். அதில் கொடுக்கும் சான்றிதழை வைத்து அரசு வேலையில் 3% விளையாட்டு ஒதுக்கீடும் கேட்க முடியாது.

பெண்பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே! ஒன்பதாம் வகுப்பு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். மைதானத்தில் கழிப்பறை கிடையாது, இருட்டினால் பஸ் கிடையாது. ஹார்டுவேர் கடைக்காரருக்கு நான் சொல்லவா வேண்டும்? கழிப்பறைக்கு ஒரு கதவும் தண்ணீர்த் தொட்டியும் போதும்.

வரவு_செலவு:
வரிக்கழிவு எதிர்பார்த்தால் நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் பதிவு (80ஜி என்பார்கள்) உள்ள அறக்கட்டளை வழியாகக் கொடுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை. புதிய வரி முறையில் இருந்தால் அந்தக் கழிவே கிடையாது. கம்பெனிகளுக்கான கட்டாய சமூகச் செலவு விதி உங்களுக்குப் பொருந்தாது.

ஹார்டுவேர்_கடை:
வரியெல்லாம் பார்க்கவில்லை சார். டீச்சரம்மா, கதவும் தொட்டியும் கடையிலேயே இருக்கிறது, கொத்தனார் கூலி மட்டும்தான். பஞ்சாயத்தில் கேட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். தம்பி, எங்கள் ஊரில் கீப்பர் இரண்டு பேர், ஒன்று பெண்பிள்ளை, வயது 13. பெரியவர்கள் செட் அவளுக்குச் சரிவருமா, சின்ன அளவு தனியாகக் கிடைக்குமா?