புதுப்பிப்பு: கிண்ணியாப் பாலமும் என் படபடப்பும்

பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறினாலே நெஞ்சு அடைத்து, செத்துவிடுவேன் என்று பதறுவதைப் பற்றி மூன்று மாதத்துக்கு முன் எழுதியிருந்தேன். இதயத்தில் ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னபின், உங்களில் சிலர் சொன்ன சிபிடிக்குப் (CBT, நம் எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளச்சிகிச்சை) போனேன். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய சிகிச்சைமுறை.

சும்மா ஆறுதல் பேச்சு என்றுதான் நினைத்தேன். வீட்டுப்பாடம் தந்தார்கள்! கொப்பியில் மூன்று நிரல்: என்ன நடந்தது, என்ன நினைத்தேன், அதற்கு என்ன ஆதாரம். "அட்டாக் வருது" என்பதற்கு எதிரே, "போன 11 தடவையும் வரவில்லை" என்று நானே எழுதினேன்.

அப்புறம் பாலம். முதலில் கரையில் நின்று பார்த்தல், பிறகு மச்சானோடு பாதித்தூரம் நடை. பயம் உச்சிக்கு ஏறித் தானாக இறங்கும்வரை ஓடக்கூடாது, அதுதான் கஷ்டம்.

நேற்று தனியாக பஸ்ஸில் கடந்தேன். கை வியர்த்தது, சரி. இடையில் இறங்கவில்லை.