மின்னூசியா, மின்குத்தூசியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நம் மருத்துவக் கலைச்சொல் வரைவில், செருகிய ஊசிகளின் வழியே மின்சாரம் செலுத்தும் எலக்ட்ரோ அக்குபங்சர் என்பதற்கு "மின்னூசி" என்ற சொல்லை முன்வைத்த ஐயாவின் மடலைப் படித்தேன். சொல் சிறியது, நாவிலும் எளிதில் நிற்கிறது. ஆயினும் "ஊசி போடுவது" என்றால் நம் வழக்கில் மருந்து ஏற்றுவது என்றே பொருள். மின்னூசி என்று கேட்கும் நோயாளி, ஏதோ ஒரு மருந்தை மின்சாரத்தின் உதவியால் உடலுக்குள் செலுத்தப்போகிறார்கள் என்றே எண்ணுவார். இதில் மருந்தே கிடையாது. ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் பருமனே உள்ள, உள்துளையற்ற ஊசிகளைச் செருகி, அவற்றை இரண்டிரண்டாகக் கம்பியால் கருவியோடு இணைத்து, மெல்லிய மின்துடிப்புகளை அனுப்புகிறார்கள்.

அக்குபங்சருக்குக் "குத்தூசி மருத்துவம்" என்ற பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால், "மின்குத்தூசி" என்பதையே நான் வழிமொழிகிறேன். நெல் மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கும் குத்தூசி நினைவுக்கு வந்து அச்சமூட்டுகிறது என்று நம் குழுவின் அம்மையார் ஒருவர் எழுதியிருந்தார். அச்சம் நியாயமானதே, ஆனால் மருத்துவ நூலில் பொருள் மயங்க இடமில்லை. எனக்குள்ள நெருடல் வேறு. மின்விசிறி என்பது மின்சாரத்தால் சுழலும் விசிறி. அதே அச்சில் வார்த்த மின்குத்தூசியை, மின்சாரத்தால் குத்தும் ஊசி என்று ஒருவர் படிக்கக்கூடும். குத்துவதோ மருத்துவரின் கை. ஆகவே வரையறையின் முதல் தொடரிலேயே "செருகிய ஊசிகளின் வழியே" என்ற சொற்கள் இடம்பெற வேண்டும்.

"மின்தூண்டல்" என்பதை இங்கே தவிர்க்க வேண்டுகிறேன். இயற்பியல் பாடநூல் படித்தவருக்கு அது காந்தத்தையும் கம்பிச்சுருளையும் நினைவூட்டும். "மின்துடிப்பு" பொருத்தமாக இருக்கிறது. ஏனெனில் இச்சிகிச்சையில் துடிப்பின் அதிர்வெண்ணே பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. பெய்ஜிங்கில் வலி ஆய்வாளர் ஹான் ஜிஷெங் குழுவினர் பல்லாண்டுகள் செய்த ஆய்வுகளின்படி, 2 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இரண்டு) அளவிலான துடிப்பு என்கெஃபலின், பீட்டா எண்டார்ஃபின் ஆகியவற்றையும், 100 ஹெர்ட்ஸ் அளவிலான துடிப்பு தண்டுவடத்தில் டைனார்ஃபினையும் சுரக்கச் செய்கின்றன. இவை உடல் தானே உருவாக்கிக்கொள்ளும், மார்ஃபின் போன்ற வலிதணிப்பான்கள். மார்ஃபினின் செயலை முறிக்கும் நலாக்சோனைக் கொடுத்தால் குத்தூசியின் வலிதணிப்பும் குறைவதை 1970களின் ஆய்வுகளே காட்டின. எனவே "மெதுதுடிப்பு", "விரைதுடிப்பு" என்ற இணையும் நமக்குத் தேவைப்படும். "மென்துடிப்பு" என்று எழுதினால் அது மின்னோட்டத்தின் வலிமையைக் குறித்துவிடும்.

அடுத்து, இச்சிகிச்சை தணிக்குமா என்று ஆராயப்படும் வலியின், அதாவது நியூரோபதிக் பெயினின், பெயர். "நரம்பு வலி" போதாது என்பதே என் கருத்து. பல்வலியும் நரம்பின் வழியேதான் மூளைக்குப் போகிறது. அங்கே நரம்பு செய்தி சொல்கிறது, அவ்வளவே. இங்கு நாம் பேசும் வலியிலோ, உணர்வை ஏந்திச்செல்லும் நரம்பமைப்பே அடிபட்டோ நோயுற்றோ இருக்கிறது: நீண்டநாள் நீரிழிவுக்காரரின் பாத எரிச்சல், அக்கி ஆறிய பின்னும் விடாத வலி, பக்கவாதத்துக்குப் பின் வரும் வலி ஆகியவை இவ்வகை. "நரம்புச் சிதைவு வலி" என்ற பரிந்துரை, நரம்பு அழிந்தே போனதாகக் காட்டுகிறது. "நரம்புப் பழுது வலி" என்றால் காயம், நோய் இரண்டும் அடங்கும். இத்தகைய நோயாளிகளில் பலர் தம் வலியையே "ஊசியால் குத்துவது போல" என்றுதான் சொல்கிறார்கள் என்பதையும், அவர்களிடம் குத்தூசியைப் பரிந்துரைக்கப் போகும் மருத்துவரின் சங்கடத்தையும் நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இவ்வலி நாள்பட்டுப் போவதற்கு ஒரு காரணம், தண்டுவடத்தில் வலிச்செய்தி வந்துசேரும் பகுதியான பின்கொம்பில் உள்ள நரம்பணுக்கள் மிகையாகக் கிளர்ந்து, சிறு செய்தியையும் பெருவலியாக்குவதுதான். இதற்கு "மையக் கூருணர்வு" எனலாம். போர்வை உரசினாலே வலிக்கும் நிலைக்குத் "தொடுவலி" என்று எழுதிப் பார்க்கிறேன். புண்ணைத் தொட்டால் வரும் வலியோடு குழம்புமா என்பதை மருத்துவம் பயின்றவர்கள் சொல்ல வேண்டும். நரம்பைக் காயப்படுத்திய எலிகளில் மின்குத்தூசி இத்தொடுவலியைக் குறைப்பதையும், அதில் மெதுதுடிப்பே கூடுதலாக உதவுவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. மூளைத்தண்டிலிருந்து கீழிறங்கி வலியை அடக்கும் பாதைகளில் செரட்டோனின், நாரட்ரினலின் என்ற நரம்புச் செய்திப்பொருள்கள் இதற்குத் துணைசெய்கின்றன.

எலிகளில் கண்டதை மனிதர்க்கு அப்படியே ஏற்றிவிட முடியாது. குத்தூசி மருத்துவம் நரம்புப் பழுது வலிக்குப் பயன்படுகிறது என்றோ பயன்படாது என்றோ கூறப் போதிய சான்று இல்லை என மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின், 2017இல் வெளிவந்த திறனாய்வு முடிவுசெய்தது. ஆதலால் வரைவில் உள்ள "வலியைத் தீர்க்கும் சிகிச்சை" என்பதை நீக்கிவிட்டு, பின்வருமாறு மாற்றப் பரிந்துரைக்கிறேன்:

மின்குத்தூசி: தோலினூடே செருகிய மெல்லிய ஊசிகளின் வழியே மின்துடிப்புகளைச் செலுத்தும் சிகிச்சைமுறை, நாள்பட்ட நரம்புப் பழுது வலியைத் தணிக்கக்கூடும் எனக் கருதி ஆராயப்படுவது.

"சிகிச்சை" வேண்டாம், "பண்டுவம்" என்று எழுதலாம் என்பவர்களோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் அதைத் தனி இழையில் பேசுவோம்.